நலங்கு மஞ்சளோடு ஒரு ரெய்டு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் சாதாரண ஆள் இல்லை. மாவட்டக் கபடி அணிக்குக் கேப்டனாக இருந்தவன். மாநில அணியின் பனியனைப் போட்டுக்கொண்டு வடநாடு வரை ரயிலில் போய்ச் சப்பாத்தி தின்றவன். வாங்கிய கோப்பைகளுக்கு ஷோகேஸில் இடம் போதாமல், ஒன்றில் என் மனைவி கரண்டிகளைப் போட்டு வைத்திருக்கிறாள். ஆனாலும் இன்றைக்கு விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்க்கிற யாரும் "கபடி அமலநாதன்தானே நீங்க?" என்று கேட்பதில்லை. "மஞ்சள் மாப்பிள்ளைதானே?" என்கிறார்கள். ஜெயித்த ஆட்டங்களை ஊர் மறந்துவிடும். மானம் போன ஒரு நாளை மட்டும் பித்தளைப் பாத்திரம் மாதிரி தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்கும். அந்த நாளை நானே எழுதிவிட்டால், மற்றவர்கள் கூடுதலாகக் கயிறு திரிக்காமலாவது இருப்பார்கள்.

நான் கபடிக்கு வந்ததில் வீரக்கதை எதுவும் இல்லை. தொண்ணூற்று மூன்றில் தென்னாற்காடு மாவட்டத்தைப் பிரித்தார்கள். கடலூர், நெய்வேலிப் பக்கத்துப் பெருந்தலைகள் எல்லாம் எல்லைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். இந்தப் பக்கம் புது மாவட்டம் இருந்தது, புது கலெக்டர் இருந்தார், கபடி டீம் மட்டும் இல்லை. ஆள் பிடிக்கக் கிளம்பிய விளையாட்டு ஆசிரியர் ஒருவர் எங்கள் பள்ளி மைதானத்தில் என்னைப் பார்த்தார். (நான் அப்போது கணக்கு வாத்தியாரிடமிருந்து தப்பி ஓடிக்கொண்டிருந்தேன். அவரும் நல்ல ஓட்டக்காரர்தான்.) "இவன் யாருக்கும் பிடி கொடுக்க மாட்டான் போலிருக்கே" என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அப்படித்தான் எனக்கு இடம் கிடைத்தது.

என் வேலை பாடிப் போவது. கபடி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: "கபடி கபடி" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே எதிரணியின் கட்டத்துக்குள் போக வேண்டும், ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். அவர்கள் ஏழு பேரும் சேர்ந்து திரும்பவிடாமல் பிடிக்கப் பார்ப்பார்கள். நடுவில் மூச்சு விட்டாலோ, வேறு வார்த்தை பேசினாலோ போச்சு. மூச்சுப் பிடிப்பதில் நான் கெட்டிக்காரன். மரக்காணத்தில் கடலில் முங்கிப் பழகினவன் என்று என்னைப் பற்றி ஒரு வதந்தி உண்டு. அதை நான்தான் கிளப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்காவது ஓர் ஊரில் போட்டி நடக்கும். பரிசு ஆட்டுக்கிடா, அண்டா, பீரோ என்று வரும். அதை வேன் மேல் கட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி ஊர் திரும்புவோம். அந்த வேன்களில் உட்கார்ந்து வந்த சந்தோஷம் பிறகு எந்த வண்டியிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இப்படி ஊர் ஊராய்த் திரிந்துகொண்டிருந்தவனுக்குத் திண்டிவனத்தில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் ஸ்டெல்லா. அவள் அப்பா சவரிமுத்து, லாரிக்கு பாடி கட்டும் பட்டறை வைத்திருந்தார். பெண் பார்க்கப் போன அன்று ஸ்டெல்லா காபியை நீட்டும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, காதைப் பார்த்தாள். (பிடியில் மாட்டி மாட்டி ஒரு காது நுனி கிழிந்திருக்கும்.) "இன்னும் வலிக்குதா?" என்று மெதுவாகக் கேட்டாள். எத்தனையோ பேர் கட்டிப்பிடித்துக் கவிழ்க்கப் பார்த்த ஆளை ஒரே வார்த்தையில் அவுட்டாக்கிவிட்டாள்.

ஆனால் சவரிமுத்து மாமாவுக்குக் கபடி என்றாலே ஆகாது. அவருடைய தம்பி அருளப்பன் ஒரு பொங்கல் போட்டியில் முட்டி உடைந்து, அன்றிலிருந்து காலை இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். அந்தத் தம்பியைக் கண்ணால் காட்டி மாமா என்னிடம் சொன்னார்:

"மாப்ளே, உங்க மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா கோயில்ல ஓலை வாசிச்ச பெறகு நீங்க கபடிக் கோட்டுக்குள்ள கால் வெக்கக் கூடாது. வெச்சா, இந்தக் கல்யாணம் இல்ல. இஷ்டம்னா சொல்லுங்க."

நான் மண்டையை ஆட்டினேன். ஸ்டெல்லாவைப் பார்த்துக்கொண்டே ஆட்டியதால் எதற்கு ஆட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வத்துக்குத்தான் காபி புரையேறியது. செல்வம் என் பள்ளித் தோழன், எங்கள் ஊர் டீமின் கேப்டன், போதாக்குறைக்கு என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன். மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசித்தார்கள். "இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் அறிவிக்கவும்" என்று ஃபாதர் வாசிக்கும்போதெல்லாம் செல்வம் இருமினான். அது வெறும் இருமல் என்று நினைத்தேன்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் எங்கள் வீட்டில் எனக்கு நலங்கு வைத்தார்கள். மஞ்சள், நல்லெண்ணெய், பூலாங்கிழங்குப் பொடி எல்லாம் ஒரு பெரிய கிண்ணத்தில். அத்தைமார்களும் சித்திமார்களும் வரிசையில் வந்து பூசினார்கள். ஏதோ கன்னத்தில் தொட்டு வைப்பார்கள் என்று பார்த்தால், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல் அடித்தார்கள். "வெய்யில்ல ஆடி ஆடிக் கருத்துட்டான், இன்னும் ரெண்டு கை போடுடி" என்று பெரிய அத்தை வேறு உற்சாகப்படுத்தினாள். முடித்ததும் அம்மா உத்தரவு போட்டாள்:

"சாயங்காலம் நான் தண்ணி ஊத்தற வரைக்கும் இந்தப் பாயை வுட்டு எழுந்திரிக்கக் கூடாது. நலங்கு வெச்சவன் வாசப்படி தாண்டக் கூடாது, ஆமா."

மத்தியானம் செல்வம் வந்தான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. காதில் கிசுகிசுத்தான்: "மச்சான், விக்கிரவாண்டில இன்னிக்கி ஃபைனல். நம்ம டீம் மணிக்கு ஜுரம், எழுந்திரிக்க முடியல. ஆறு பேருதான் இருக்கோம். பாடிப் போவ ஆளே இல்ல. ஒரே ஒரு மேட்ச். ஜல்தியா போய்ட்டு ஜல்தியா வந்துடலாம்."

"மாமனாருக்கு வாக்கு குடுத்துருக்கேன்டா."

"அவரு திண்டிவனத்துல இருக்காரு. கல்யாண வேலையை வுட்டுட்டு அவரு எதுக்குடா விக்கிரவாண்டி வரப்போறாரு?"

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. (எனக்கு வேண்டியதாக இருந்தால் எதுவும் எனக்கு நியாயமாகப் படும்.) அதோடு இதுதான் கடைசி ஆட்டம் என்ற நினைப்பு வேறு. நாளையிலிருந்து யாரும் என்னைப் பாட அனுப்ப மாட்டார்கள். அதை நினைத்தபோது உண்மையிலேயே அழுகை வந்தது. எழுந்துவிட்டேன்.

அம்மாவைச் செல்வம் சமாளித்தான். "அம்மா, ஃபாதர் மாப்பிள்ளைய பாவசங்கீர்த்தனத்துக்கு வரச்சொன்னாரு. கல்யாணத்துக்கு முன்னாடி பண்ணியே ஆவணுமாம்."

"இந்தக் கோலத்துலயா?"

"ஆண்டவரு மஞ்சளையா பாக்கப்போறாரு, மனசைத்தானேம்மா பாப்பாரு."

பாவத்தை அறிக்கையிடப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுப் பாவம் செய்யக் கிளம்பியவன், எனக்குத் தெரிந்து எங்கள் பங்கில் நான் ஒருவன்தான். அம்மா நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பினாள்.

முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, செல்வத்தின் பைக். இப்போது டோல்கேட் இருக்கும் ரோட்டுக்கு உள்ளே, லாரிக்காரர்கள் சாப்பிடும் ஓட்டல்களுக்குப் பின்னால் மைதானம். லாரிகளின் மேலெல்லாம் ஆட்கள். ஹைவேஸ் புளியமரங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள். எதிர்டீம் யார் என்று நான் பைக்கில் ஏறும்போது கேட்கவில்லை. இறங்கும்போதுதான் கேட்டேன். "யாரோ திண்டிவனம் பசங்கடா" என்றான் செல்வம். திரும்பிப் போய்விடலாமா என்று பைக்கைப் பார்த்தேன். ஆனால் அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

சட்டையையும் துண்டையும் கழற்றி வீசினேன். முதல் ரெய்டே என்னுடையது. கோட்டைத் தொட்டுக் கும்பிட்டு, "கபடி கபடி" என்று பாடிக்கொண்டே உள்ளே போனேன். வலது மூலையில் நின்றவன் நிமிர்ந்தான். பிரான்சிஸ். ஸ்டெல்லாவின் சொந்தத் தம்பி! கபடியைக் கண்டால் ஆகாத அதே சவரிமுத்துவின் ஒரே மகன்!

"மாமா... நீயா?" என்றான்.

"கபடி கபடி கபடி" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

"நாளைக்குக் கல்யாணத்த வெச்சிக்கினு இங்க இன்னா மாமா பண்ற?"

"கபடி... கபடி..." (இதைக் கெஞ்சுகிற குரலில் சொன்னேன்.)

"அப்பாவுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேரையும் பட்டறைல வெச்சி வெல்டு பண்ணிருவாரு!"

"கபடி!" (நீ மட்டும் எப்படிடா இங்கே வந்தாய் என்று அர்த்தம்.)

அவனுக்குப் புரிந்துவிட்டது. "இங்க வந்து வாழைமரம் எடுத்தாரச் சொன்னாரு, டெம்போவ அங்க நிறுத்திட்டு வந்துட்டேன்" என்று பரிதாபமாகச் சொன்னான். கூட்டத்தில் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அவனுடைய கேப்டன் கத்தினான்: "டேய் பிரான்சிசு, எதிராளிகிட்ட இன்னாடா பேசிக்கினு நிக்கிற? புடிடா!"

பாவம், பிடித்தான். கணுக்காலை இரண்டு கையாலும் நல்ல பிடியாகத்தான் பிடித்தான். நான் காலை லேசாக இழுத்தேன். வெண்ணெயில் விட்ட கத்தி மாதிரி கால் தானாக வெளியே வந்தது. அவன் தன் உள்ளங்கைகளைப் பார்த்தான். அதற்குள் மற்றவர்கள் இடுப்பிலும் தொடையிலும் தோளிலும் வந்து விழுந்தார்கள். ஒருவன் பிடியும் நிற்கவில்லை. ஏழு பேரையும் வழுக்கிக்கொண்டு நான் நடுக்கோட்டுக்கு வந்து சேர்ந்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு ரெய்டு பாடியது கிடையாது. லாரி மேல் இருந்தவர்கள் குதித்தார்கள். செல்வம் என்னைக் கட்டிப்பிடிக்க வந்து, அவனும் வழுக்கி விழுந்தான்.

சந்தோஷத்தில் நான் கவனிக்காத விஷயம் ஒன்று இருந்தது. எதிரணி ஏழு பேரும் மஞ்சளாக நின்றார்கள். கை, முகம், வெள்ளைப் பனியன் எல்லாம் மஞ்சள். வியர்வையில் எனக்கும் மஞ்சள் கரைந்து முழங்கால் வரை ஓடிக்கொண்டிருந்தது.

"சார், எண்ணெய் தடவிக்கினு வந்துருக்கான் சார்! அழுவுணி ஆட்டம்!" என்று அவர்கள் கேப்டன் அம்பயரிடம் போனான். கபடியில் உடம்பில் எண்ணெய் தடவுவது பெரிய குற்றம். அம்பயர் வந்து என் முழங்கையில் ஒரு விரலால் வழித்தார். மூக்கில் வைத்து முகர்ந்தார். கண்ணை மூடி இன்னொரு தடவை முகர்ந்தார்.

"நல்லெண்ணெய் இருக்கு. மஞ்சள் இருக்கு. பூலாங்கெழங்கு வேற மணக்குது. இன்னாய்யா இது?"

என் அருமைத் தோழன் செல்வம் முன்னால் வந்தான். ஊரை ஏமாற்ற ஆயிரம் பொய் சொல்லத் தெரிந்தவன், அந்த இடத்தில் போய் உண்மையைச் சொன்னான். "எண்ணெய் தடவலை சார், நலங்கு சார். நாளைக்குக் காலையில இவனுக்குக் கல்யாணம்."

மைக் பிடித்திருந்தவர் காதில் அது விழுந்துவிட்டது. அந்த மனிதருக்கு அதைவிட நல்ல செய்தி வாழ்க்கையில் கிடைத்திருக்காது. "ரசிகப் பெருமக்களே! நாளை காலை திண்டிவனத்தில் மாலை சூட இருக்கும் மணமகன், நலங்கு மஞ்சளோடு நமது களத்தில் நிற்கிறார்! பொண்ணு யாருப்பா? ஆங்... பட்டறை சவரிமுத்து அவர்களின் அருமை மகள்! மாமனார் சவரிமுத்து அவர்கள் எங்கிருந்தாலும் மாப்பிள்ளையை வாழ்த்துமாறு கேட்டுக்கொள்கிறோம்!"

மாமா வேறெங்கும் இல்லை, அங்கேதான் இருந்தார். வாழைமரம் எடுக்கப் போன மகனைக் காணோமே என்று பஸ் பிடித்து வந்து, விக்கிரவாண்டியில் இறங்கி ஒரு காலைத் தரையில் வைத்த நேரம், புளியமரம் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறது.

கூட்டம் தானாக விலகியது. மாமா நேராகக் களத்துக்குள் வந்தார். "பெரியவரே, கோட்டை மிதிக்கக் கூடாது" என்ற அம்பயர், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். மாமா ஒரு கையால் பிரான்சிஸின் பனியனைப் பிடித்தார். இன்னொரு கையால் என் முழங்கையைப் பிடித்தார். வழுக்கியது. மறுபடி பிடித்தார். மறுபடி வழுக்கியது. மஞ்சளான உள்ளங்கையை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "ஏறுங்க வண்டில" என்றார். அவ்வளவுதான்.

டெம்போவின் பின்னால் இரண்டு வாழைமரங்களுக்கு நடுவே நானும் பிரான்சிஸும் உட்கார்ந்தோம். எனக்குக் கபடி டிராயரும் மேலே மஞ்சளும்தான். மாமாவும் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காராமல் எங்களோடு பின்னால் ஏறிக்கொண்டார். மயிலம் ரோடு தாண்டினோம். பிறகு சொன்னார்: "என் தம்பி நல்லா ஆடுவான் மாப்ளே. உங்கள வுட நல்லா ஆடுவான். இன்னிக்கி வரைக்கும் அவனுக்கு நான்தான் பேண்ட்டு மாட்டி வுடறேன். எம்பொண்ணு அந்த வேலை செய்யணுமா?" அவர் குரல் உடைந்தது. எனக்கு அதுவரை பயமாக இருந்தது. அதன் பிறகு அசிங்கமாக இருந்தது. "இன்னும் வலிக்குதா?" என்று கேட்ட பெண்ணை இனி பார்க்கவே முடியாதோ என்று தோன்றியது.

திண்டிவனத்தில் வீட்டுவாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் ஸ்டெல்லாவுக்கு நலங்கு வைக்க அப்போதுதான் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தார்கள். அரைத்து முடிப்பதற்கு முன்பே இரண்டு பேர் மஞ்சளாக வந்து இறங்குவதைப் பார்த்து அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். மாமா யாரையும் பார்க்காமல் சொன்னார்: "கல்யாணம் இல்ல. சமையக்காரங்கள அனுப்பிடுங்க."

அழுகைச் சத்தம் கிளம்புவதற்குள் ஸ்டெல்லா வாசலுக்கு வந்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள். தம்பியிடம்தான் கேட்டாள்.

"நீ எங்கடா புடிச்ச?"

"கணுக்கால்லக்கா."

"வுட்டுட்டியா?"

"வுடலக்கா, வழுக்கிக்கினு பூட்டாரு."

"மத்தவங்க?"

"ஏழு பேரும் புடிச்சோம். ஒருத்தன் கைலயும் நிக்கல."

அப்பாவின் கையைப் பார்த்தாள். அவர் உள்ளங்கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார். ஸ்டெல்லாவுக்கு உதடு துடித்தது. அழப்போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

"நீயும் புடிச்சிப் பாத்துட்டியாப்பா? உன்னாலயும் முடியலயா? சரி வுடு. நான் புடிச்சிக்கறேன்."

முதலில் சிரித்தது அருளப்பன் சித்தப்பாதான். நாற்காலியில் உட்கார்ந்தபடி, உடைந்த முட்டியைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அண்ணே, அவ புடிச்சிருவாண்ணே" என்றார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அந்தத் தம்பி சிரித்ததைப் பார்த்த பிறகு மாமாவால் கோபமாக நிற்க முடியவில்லை. மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தவர்களிடம் போய், "இன்னா வேடிக்கை பாத்துக்கினு? அரைங்க" என்று அதட்டினார்.

ஸ்டெல்லா என்னிடம் தனியாக இரண்டே வாக்கியம் பேசினாள். "நீங்க ஆடுங்க, ஆனா நான் இல்லாத எடத்துல ஆடக் கூடாது. நான் எழுந்து நின்னா, அந்த நிமிஷமே வெளிய வந்துடணும்." இந்தத் தடவை எதற்கு மண்டையை ஆட்டுகிறோம் என்று தெரிந்தே ஆட்டினேன்.

மறுநாள் கல்யாணம் நடந்தது. எங்கள் ஃபாதர் பூசைக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நேத்து நீ எங்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன்னு உங்கம்மா நன்றி சொல்றாங்க. எனக்குத்தான் ஞாபகம் இல்ல போல" என்றார். மண்டி போட்டேன். வெகுநேரம் ஆயிற்று. ஃபைனலில் திண்டிவனத்துக்காரர்கள்தான் ஜெயித்தார்களாம். பரிசாக வந்த அண்டாவை அவர்களே தூக்கிக்கொண்டு வந்தார்கள். எங்கள் கல்யாணப் பிரியாணி அதில்தான் வெந்தது. எவ்வளவு தேய்த்துக் குளித்தும் கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையும் மச்சானும் ஒரே நிறத்தில் இருக்கிறோம்.

அதற்குப் பிறகுதான் என் நல்ல காலமே. மாநில அணி, அரசு வேலை, கேப்டன் பதவி எல்லாம் ஸ்டெல்லா கோட்டுக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்த வருஷங்களில் வந்தவைதான். மரக்காணம், திருவாமாத்தூர், செஞ்சி என்று எந்த ஊராக இருந்தாலும் முதல் வரிசையில் இருப்பாள். முதலில் மடியில் பை இருந்தது, பிறகு மகள் ஜெனிபர் இருந்தாள், பிறகு ஜெனிபர் பக்கத்து நாற்காலிக்கு மாறினாள். நான் அடிபட்டு விழுந்தபோதுகூட ஸ்டெல்லா எழுந்ததில்லை. புடவை முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மாமா மைதானத்துக்கு வரவே மாட்டார். ஆனால் டீம் போகவர அவருடைய டெம்போதான்.

கடைசி ஆட்டம் திண்டிவனத்திலேயே அமைந்தது. எனக்கு நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரில் நின்றவர்களில் பாதிப் பேர் என் கல்யாணத்தின்போது பிறந்திருக்கவே மாட்டார்கள். இரண்டு தடவை பாடிப் போய் இரண்டு தடவையும் மாட்டிக்கொண்டேன். மூன்றாவது தடவை கோட்டருகே நின்று மூச்சை இழுத்தேன். முன்பெல்லாம் நெஞ்சு நிறைய வரும் மூச்சு, பாதியிலேயே நின்றுவிட்டது. யாருக்கும் அது தெரிந்திருக்காது. செல்வம் வெளியே நின்று "போ மச்சான், போ" என்று கத்திக்கொண்டிருந்தான். தற்செயலாகத் திரும்பினேன்.

ஸ்டெல்லா எழுந்து நின்றிருந்தாள்.

பார்க்காத மாதிரி போயிருக்கலாம். கால் ஒரு அடி முன்னால்கூடப் போய்விட்டது. இத்தனை வருஷம் எழுந்திரிக்காதவள் எழுந்திருக்கிறாள், அதைப் பார்க்காத மாதிரி எப்படிப் போவது? குனிந்து கோட்டைத் தொட்டுக் கும்பிட்டேன். அம்பயர் "என்னாச்சு சார்?" என்றார். ஒன்றும் இல்லை என்று கையைக் காட்டிவிட்டு வெளியே நடந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஸ்டெல்லா துண்டை என் தோளில் போட்டாள்.

"போலாமா?" என்றாள். அவளும் அழுதுகொண்டுதான் இருந்தாள்.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஷோகேஸைக் காட்டி ஜெனிபர்தான் விளக்கம் சொல்வாள். எந்தக் கோப்பை எந்த ஊர் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. இது மட்டும்தான் சொல்வாள்: "ஏழு பேரும் எங்க தாத்தாவும் புடிச்சே நிக்காத ஆளு. எங்கம்மா சும்மா எழுந்து நின்னாங்க, மாட்டிக்கினாரு."